இருமலுக்கு ஒரு பகடை

மார்ச் 3, ஞாயிறு

இன்று சொல்லாதது: "வேண்டாம் சித்தப்பா, போட வேண்டாம்."

நான்கே சொற்கள். ஒரு மூச்சில் அடங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல் "யாரு ஜெயிச்சீங்க?" என்றாள். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் என்று யாரும் இல்லை, நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள், சந்தேகம் வந்தால் பகடை தீர்த்துவைக்கும் என்று மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்று அதையும் சொல்லவில்லை. "நான்தான்" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்போதுதான் எனக்கே விளங்கும்.

தையல் கடையின் மாடி அறை. மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். கடைக்காரி ஊசி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாத்திரை, சித்தப்பா, நான். ஊசியும் மாத்திரையும் நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள். கதையில் ஓர் ஆறு குறுக்கிட்டது. பாலம் இல்லை. சித்தப்பாவின் ஆளுக்கு, அதாவது அவர் ஏற்ற பாத்திரத்துக்கு, தன்மை மாற்றும் சக்தி உண்டு. தொட்ட பொருளின் ஏதாவது ஒரு தன்மையை அவன் மாற்றலாம். இளகியதைக் கெட்டியாக்கலாம், கனத்ததை லேசாக்கலாம், சுவரைக் கண்ணாடிபோல் தெளிய வைக்கலாம். வடிவத்தை மாற்ற முடியாது. உயிருள்ளவற்றில் செல்லாது. கையை எடுத்தாலோ கவனம் சிதறினாலோ பொருள் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். எல்லாம் என் விதி நோட்டில் எண் போட்டு எழுதியிருக்கிறது.

அவர் ஆள் கரையில் மண்டியிட்டு உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தான். ஆறு கல்லாக இறுகியது. ஊசியின் ஆளும் மாத்திரையின் ஆளும் அதன்மேல் நடந்து போனார்கள். அக்கரை சேர்ந்ததும் கயிறு வீசி அவனை இழுத்துக்கொள்வது என்று திட்டம்.

அவர்கள் நடு ஆற்றில் இருக்கும்போது சித்தப்பா இருமினார்.

எங்கள் பதினொன்றாம் விதி: மேசையில் நீ செய்வதை உன் ஆளும் செய்கிறான். இது வந்ததே மாத்திரையால்தான். கதையில் காவலர்களுக்குப் பயந்து வைக்கோலுக்குள் ஒளிந்திருக்கும்போது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் ஆளும் சிரிச்சுட்டான், மாட்டிக்கிட்டான்" என்று தீர்ப்பு சொன்னேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அந்த விதிதான் செல்லப்பிள்ளை. போன மாதம் ஊசி தும்மியதில் சுரங்கத்தில் எங்கள் ஒரே விளக்கு அணைந்தது. அதிகம் சிரித்தது சித்தப்பாதான்.

அதனால் அவர் இருமியதும் மாத்திரை மேசையைத் தட்டினான். "பதினொன்னு! பதினொன்னு!"

கவனம் சிதறியதா இல்லையா என்று பார்க்க இருபது பக்கப் பகடையை உருட்டவேண்டும். பத்துக்கு மேல் விழுந்தால் ஆறு கல்லாகவே நிற்கும். சித்தப்பா சிரித்துக்கொண்டே உருட்டினார். பதினாறு. மறுபடி இருமல். உருட்டினார். பன்னிரண்டு. மூன்றாவது இருமல் சீக்கிரம் விடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த அந்தக் கை. அடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"இருமல் எனக்கு. அவனுக்கு இல்லையே, பாப்பா."

அப்போதுதான் அந்த நான்கு சொற்களைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சித்தப்பா. போடுங்க."

அலுவலகத்தில் மெய்ப்புத் தாளை நீட்டிப் பிழையைக் காட்டும்போது வரும் என் குரல். எனக்கே கேட்டது.

அவர் பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பட்டறைல கொஞ்சம் வேலை இருக்கு" என்று எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்று இறங்கும் சத்தம்.

பகடை விழாதவரை எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அந்த இருவரும் நடு ஆற்றில் நிற்கிறார்கள்.

மார்ச் 6, புதன்

வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். இந்த வாரம் வரவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே ஏதோ செய்துகொள்கிறாராம். அம்மா கேட்டாள்: "அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் என்ன சொல்லப் போறேன்" என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

சித்தப்பா வரவில்லை. போன் எடுத்தவர் "வேலை பாப்பா, நீங்க ஆடுங்க" என்றார். எப்படி ஆடுவது? பகடை அவரிடம்.

"வேற பகடையா இல்ல? நீயே ஒரு முடிவு சொல்லிடேன்" என்றாள் ஊசி.

"அவர் ஆளுக்கு அவர்தான் போடணும். ஏழாம் விதி."

"விதி, விதி! உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி. தாலி கட்டும்போதே நோட்ட நீட்டுவ."

மாத்திரை சிரிக்கவில்லை. தன் ஆள் ஒரு வாரமாகத் தண்ணீர்மேல் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று ஒரு தடவை மட்டும் சொன்னான். அதிலும் உயிர் இல்லை. கிளம்பும்போது படியில் நிறுத்தினான்.

"சித்தப்பா நாலு மாசமா என்கிட்ட இருமல் மருந்து வாங்கறார். வாரம் ஒரு பாட்டில். டாக்டர்கிட்ட போங்கன்னேன். இரும்பு அடிக்கறவனுக்கு இருமல் கூடப்பிறந்ததுன்னு சிரிச்சார். நானும் கொடுத்துக்கிட்டே இருந்தேன்."

கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுவதுபோல் நின்றான். செருப்பு காலில்தான் இருந்தது.

"பதினொன்னுன்னு கத்தினவனும் நான்தான்" என்றான்.

மார்ச் 12, செவ்வாய்

பட்டறையில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்பா போயிருக்கிறார். நான் ஐந்து மணி வரை அலுவலகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் மெய்ப்பைத் திருத்தினேன். ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தேன், அதில் என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

மார்ச் 14, வியாழன்

அப்பாவுக்குப் புரியாததை நான் புரிந்துகொள்வேன் என்று டாக்டர் அறைக்குள் என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம்பெண். என் வயது இருக்கும், இரண்டொன்று கூட இருக்கலாம். மேசையில் பேனா மூடி மட்டும் ஐந்தாறு கிடந்தன.

பஞ்சுபோல் இருக்கவேண்டிய நுரையீரல் தோல்போல் இறுகிவிட்டது என்றார். சுருங்கி விரிய அதற்கு வரவில்லை. இருபது வருடப் புகை காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அப்பா கேட்டார்: "பழையபடி ஆயிடுமா?"

"இல்ல சார். இது திரும்பாது. இனிமே இறுகாம மெதுவாக்கலாம்னு பாக்கறோம். அதுவும் இப்ப ரொம்ப வேகமா போய்க்கிட்டிருக்கு." மாதக் கணக்கு சொல்லத் தயங்கினார். "வாரமாவும் இருக்கலாம்" என்றார்.

உயிருள்ளவற்றில் செல்லாது. அந்த வரியை எழுதியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தெளிவான விதி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அப்பா சுவரைப் பார்த்து நின்றார். பிறகு: "அவனுக்குத் தெரியக் கூடாது. சளின்னு சொல்லியிருக்கேன். மூஞ்சியச் சரி பண்ணிக்கிட்டு உள்ள வா."

சரி பண்ணிக்கொண்டு போனேன்.

மார்ச் 15, வெள்ளி

மூக்கில் குழாய். ஜன்னலோரக் கட்டில். நாற்பத்து மூன்று வயதுக்காரர், சின்னப் பையன்போல் தெரிகிறார். நான் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் கட்டில் கால எவன் ஒட்டினான் பாரு. ஈ மொய்ச்ச மாதிரி ஒட்டியிருக்கான். இவங்கதான் என்னைச் சரி பண்ணப் போறாங்களாம்."

சிரித்தேன். அவரும் சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் தீரும்வரை நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்திருப்பார். இருவர் மனதிலும் ஒரே பகடைதான்.

"பத்திரமா வச்சிருக்கேன்" என்று தலைமாட்டு அலமாரியைக் காட்டினார். "ரெண்டு பேரும் மூழ்கிடலையே?"

"நிக்கறாங்க."

"ம். தேறி வந்து போடறேன்."

முதன்முதலில் அவர் எங்கள் மேசைக்கு வந்தது அதன் காலை ஒட்டத்தான். வேலை முடிந்தும் போகாமல் வேடிக்கை பார்த்தார். தன்மை மாற்றம் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "கைய எடுத்தா பழையபடி ஆயிடுமா? நெஜமாவா? நான் ஒட்டினா ஒட்டினதுதான், தப்பா ஒட்டினாலும்." அடுத்த ஞாயிறு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும். இன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? எந்த இருமல் என்று சொல்லிக் கேட்பது?

மார்ச் 18, திங்கள்

ஏழாம் வகுப்பு அறிவியல், பக்கம் 62. மீள் மாற்றம், மீளா மாற்றம். பிழை எதுவும் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. வாயால் வராதது கையால் வரும். மதியம் விதி நோட்டை எடுத்துப் பதினொன்றாம் விதியைச் சிவப்பு மையால் அடித்தேன். நேர்கோடு, ஓரத்தில் "நீக்கம்", தேதி. மூன்று வருடத்தில் நான் நீக்கிய முதல் விதி. நாளை அவரிடம் காட்டுவேன். ஒன்றும் சொல்லவே வேண்டாம். அவர் புரிந்துகொள்வார்.

மார்ச் 20, புதன்

புரிந்துகொண்டார்.

எவ்வளவு பெரிய முட்டாள் நான். எவ்வளவு பெரிய — 

நோட்டைப் பிரித்து மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார், ஒட்டு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல. ரொம்ப நேரம். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சளிதான் சித்தப்பா. அப்பா சொன்னாரே."

"அண்ணன் சொன்னது எனக்குத் தெரியும். உன்னைக் கேக்கறேன்."

"மருந்து கொடுத்தா — "

"பாப்பா. ஒரு எழுத்துக்கு மூணு அகராதி பாக்கறவ நீ. மாத்திரை கால்ல விழாத குறையா கெஞ்சினப்பகூட ஒரு வரி மாத்தல. இப்ப நான் கேக்காமலே மாத்தியிருக்க." கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்காக சட்டம் இப்படி வளையும்னு எனக்குத் தெரியாதா?"

நான் அழவில்லை. அழுதிருந்தால்கூட மறுத்த மாதிரி ஏதாவது பேசியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவே பதில்.

எவ்வளவு நாள் என்று அவர் கேட்கவில்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியில் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தூரத்தில் அடங்கியது. பிறகு சொன்னார்:

"அண்ணன்கிட்ட, எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. தினம் வந்து நல்லா நடிக்கிறார். ஆளு வாழ்க்கைல இவ்வளவு பேசி நான் பாத்ததில்ல. கெடுத்துடாத."

"சரி."

"இத மறுபடி எழுது. விதி விதியாவே இருக்கட்டும். நான் ஆட்டத்துல இருக்கறவரைக்கும் எனக்கும் அதான்."

அடித்ததை மீட்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அடித்த வரியின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம், ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கப் புள்ளி வைத்தேன். முப்பதோ நாற்பதோ. சில புள்ளிகள் கோடாகிவிட்டன.

நான்தான் சொல்லிட்டேன். வாயே திறக்காம சொல்லிட்டேன். அவருக்குச் சமாதானம் சொல்லப் போனேனா, எனக்குச் சமாதானம் தேடப் போனேனா? சொல்லவேண்டிய அன்னிக்கு நாலு வார்த்தை வரல. சொல்லக் கூடாத அன்னிக்கு ஒரு கோடு போட்டுச் சொல்லிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

அப்பா வீடு வந்து அம்மாவிடம் சொன்னார்: "இன்னிக்கு தெம்பா இருந்தான். தேறினதும் பட்டறைக்கு வெள்ளையடிக்கணும்னான். பாவம், ஒண்ணும் தெரியல அவனுக்கு."

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 24, ஞாயிறு

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. ஊசியையும் மாத்திரையையும் அழைத்துக்கொண்டு போனேன். வரச் சொன்னது அவர்தான். ஊசி புதிதாகத் தைத்த ஒரு தலையணை உறை கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரித் தலையணைக்குப் பெரிதாகப் போய்விட்டது. "அளவெடுக்காம தைச்சியா? நீயெல்லாம் ஒரு தையல்காரி" என்று சித்தப்பா கேலி செய்தார். அவள் அழுதுவிடாமல் இருக்கச் சண்டைக்குப் போனாள். மாத்திரை மருந்துச் சீட்டை எடுத்துப் படித்தான். படித்துவிட்டு மடித்து வைத்தான். அப்புறம் அவன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை.

சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து பகடை. சிவப்பு, என்னுடையது. மூன்று வாரத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"மூணாவது இருமல்" என்றார். "பாக்கி இருக்கு."

உருட்டினார். தகரத் தட்டில் அது போட்ட சத்தத்துக்கு அடுத்த கட்டில்காரர்கூடத் திரும்பினார். நிற்கும் முன்பே உள்ளங்கையால் மூடிவிட்டார். ஆற்றின்மேல் அவர் ஆள் வைத்த அதே மாதிரி, விரல்களை விரித்து.

"பதினேழு" என்றார்.

இரண்டாம் விதி: விழுந்த பகடையை எல்லோரும் பார்க்கவேண்டும். ஊசி கட்டில் காலைப் பார்த்தாள். மாத்திரை குழாயைப் பார்த்தான். நான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் எண் தெரிந்தது. ஒற்றை இலக்கம்.

"என்ன பாப்பா, விதிப்படி சரிதானே?"

"சரிதான் சித்தப்பா."

நோட்டில் பதினேழு என்று எழுதினேன். தெரிந்தே ஒரு பிழையை இதுவரை நான் தாளில் விட்டதில்லை.

பிறகு கதை சொன்னேன். தண்ணீர் காலுக்கடியில் கல்லாக நின்றது. இருவரும் மீதி தூரத்தை நடந்து அக்கரையில் ஏறினார்கள். மணல் ஈரமாக இருந்தது, ஒரு படகு கவிழ்த்து வைத்திருந்தது என்றெல்லாம் சொன்னேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கை தட்டின்மேலேயே இருந்தது.

"கயிறு?" என்றாள் ஊசி.

"அடுத்த வாரம் வீசிக்கலாம். அவன் எங்க போகப் போறான்" என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலை பத்தே முக்காலுக்கு சித்தப்பா இறந்துபோனார். அப்பா பக்கத்தில் இருந்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

அப்பா இன்றுதான் சாப்பிட உட்கார்ந்தார். பாதியில் சொன்னார்: "கடைசிவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அது ஒண்ணுதான் ஆறுதல்."

"ஆமாம்பா" என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாடி அறை. மேசையில் மூன்று பேர். நாற்காலி நான்கு. நகர்த்த யாருக்கும் கை வரவில்லை.

விட்ட இடத்திலிருந்துதானே தொடங்கவேண்டும்? ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கயிறு வீசறேன்."

தன் ஆளுக்காக உருட்டினாள். பத்தொன்பது. நல்ல வீச்சு. கயிறு ஆற்றைத் தாண்டி, அவன் மண்டியிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது என்று சொன்னேன்.

"பிடிச்சுட்டானா?" மாத்திரையின் குரல் மிகவும் மெல்ல வந்தது.

அதற்கும் பகடைதான் பதில் சொல்லவேண்டும். அவர் உடைமைகளைப் போட்டு ஆஸ்பத்திரி கொடுத்த உறையிலிருந்து சிவப்புப் பகடையை எடுத்து அவர் நாற்காலிக்கு முன்னால் மேசையில் வைத்தேன். ஏழாம் விதி: ஒருவர் ஆளுக்காக இன்னொருவர் போடக்கூடாது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கடையில் ஊசியின் தங்கை தையல் இயந்திரம் ஓட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தது.

"ஒரு தடவைக்கு மாத்தலாம்டி" என்றாள் ஊசி.

"மாத்த மாட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், முழுவதையும். கேட்கவில்லை.

கயிற்றை ஒரு மரத்தில் கட்டி வைத்துவிட்டு இருவரும் அக்கரையில் கூடாரம் போட்டார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மழை. மாத்திரைக்குச் சளி. அவன் ஆள் விளக்கோடு குகைக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இருமினான். இருமிவிட்டு அப்படியே உறைந்துபோய் என்னைப் பார்த்தான். ஊசியும் பார்த்தாள்.

"போடு" என்றேன்.

போட்டான். நான்கு. விளக்கு அணைந்தது.